மூப்பர் நடுவழியில் நின்ற பாட்டு

இன்று காலை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. வந்தவள் நம்முடைய ஆலயத்தில் இப்போது ட்றம்ஸ் அடிக்கிற பெண். ஓம், பெண்தான். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். ஞாயிறு பின்னேரங்களில் நீர் இருந்த இடத்தில் இருந்துகொண்டு உம்மைவிடத் தாளம் பிசகாமல் அடிக்கிறாள். கோபிக்க வேண்டாம். நீர் இருக்கும்போதே உமக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.

செருப்பைக் கழற்ற முன்னமே கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "அன்ரி, இதை ஒருக்காக் கேளுங்கோ. எங்கடை புயல் பாட்டின்ரை மூலப் பாட்டு. இப்பதான் கண்டுபிடிச்சனான். இவ்வளவு காலமும் நாங்கள் பிழையாப் படிச்சுக்கொண்டு இருக்கிறம்."

கையெல்லாம் தேங்காய்ப் பூவோடு நின்றபடி கேட்டேன். மேளம் நாலு அடி, பிறகு கிற்றார், பிறகு ஓர் ஆணின் குரல், ஆங்கிலத்தில். இரண்டு வரிக்குள் உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே பாட்டுத்தான். இரண்டாம் சரணம் வந்ததும், நாங்கள் பாடுகிற வழக்கப்படி, கூடவே முணுமுணுத்த என் குரல் தானாகவே தாழ்ந்தது. ஆனால் பாட்டு தாழவில்லை. தரிப்பிடத்தில் நிற்காமல் போகிற பஸ் மாதிரி அதே வேகத்தில், அதே சத்தத்தில் போய்க்கொண்டேயிருந்தது. தரிப்பிடத்தில் நான் மட்டும் நின்றேன்.

"பாத்தீங்களே? இறக்கம் எண்டு ஒண்டுமே இல்லை. உங்கடை பழைய கசெற், சிற்றலை றேடியோவிலை இருந்து பதிஞ்சதா இருக்கும் எண்டு அப்பா சொல்லுறார். சிற்றலை அப்பிடித்தானாம், சத்தம் போய்ப் போய் வருமாம். வாற ஞாயிறு திருத்திப் படிப்பமே?"

"பின்னேரம் நான் கோயிலுக்கு வாறன். அங்கை வைச்சுக் கதைப்பம்" என்று அவளை அனுப்பிவிட்டேன். பிறகு கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினேன். கண்ணீர் வரும்வரை சிரித்தேன். இந்தச் சிரிப்பை என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீர். நீரோ போன மார்கழியில் போய்ச் சேர்ந்துவிட்டீர். அண்ணா உமக்கு முன்னமே போய்விட்டார். ஆகவே எழுதுகிறேன். ஜெபத்தில் ஆண்டவரை 'நீர்' என்கிறோம், இந்த ஊரில் சிநேகிதரையும் 'நீர்' என்கிறோம். இதையும் ஒரு ஜெபம் போலக் கேட்டுக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று பேர். அண்ணா சீனன்குடாவில் மின்சார வேலை, கையில் ஒரு கிற்றார். நான் துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை, வாயில் பாட்டு. நீர் பகலில் எண்ணெய்க் குதங்களில் குழாய் பூட்டுவீர். பின்னேரமானால் உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதியில் மேளம் அடிப்பீர். நீர் நல்ல மேளக்காரன் என்பது ஊருக்குத் தெரியும். நீர் குடிப்பீர் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஒருநாள் விடியற்புறம் உம்முடைய அம்மா கரைக்கு மீன் வாங்கப் போனபோது, தெருவோர வாய்க்காலுக்குள் ஒரு சைக்கிளைக் கண்டார். சைக்கிளுக்குக் கீழே உம்மைக் கண்டார். பிறகொரு நாள் நீர் எனக்குச் சொன்னீர்: "அம்மா பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பன். அவ ஒண்டும் பேசேல்லை. 'எழும்பு, வெய்யில் ஏறப்போகுது' எண்டு மட்டும் சொன்னா."

அந்த ஞாயிறே பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று சபைக்கு வாக்குக் கொடுத்தீர். இனிக் குடிப்பதில்லை, மது ஊற்றுகிற எந்த இடத்திலும் மேளத்தடி தூக்குவதுமில்லை. நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். ஆமென் சொல்வது எங்களுக்கு எளிது. இந்த ஊரில் மது ஊற்றாமல் மேளம் அடிக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது என்று எவருமே யோசிக்கவில்லை. விடுதி, கல்யாண வீடு, கிளப், எல்லா இடத்திலும் போத்தல் இருந்தது. மிஞ்சியது ஆலயம் ஒன்று. அங்கேயோ ஓர் ஆர்மோனியமும் அதன் இருமலும்தான்.

மேளங்களைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர். ஆனால் விரல்களைச் சுற்றிவைக்க உம்மால் முடியவில்லை. பஸ் இருக்கையில் அடித்தீர், ஆலயத்து வாங்குப் பலகையில் அடித்தீர், எங்கள் கந்தோருக்கு வந்தால் என் மேசையில் அடித்தீர். ஒரு பின்னேரம் உம்முடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, இருக்கச் சொல்லியும் இராமல், வாசல் படலையைப் பிடித்தபடி கதைத்தார்.

"பிள்ளை, அவன் குடியை விட்டிட்டான். மேளத்தை விட ஏலாமல் கிடக்கிறான். அது இழுக்கத் தொடங்கினால் திரும்ப அங்கைதான் கொண்டுபோய் விடும். நான் நித்திரை கொண்டு கனநாள். ஒவ்வொரு பின்னேரமும் அவன்ரை சைக்கிள் மணி எந்தப் பக்கத்தாலை கேக்குது எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

தேத்தண்ணீர் குடியுங்கோ என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அவருக்குப் பதில் ஒரு கப்பலில் வந்தது. தேயிலை ஏற்ற வந்த கப்பல். அதில் வேலை செய்த மலையாளி ஒருவர் ஞாயிறு பின்னேர ஆராதனைக்கு வந்திருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணாவின் தோளில் கிற்றாரைக் கண்டு நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு கசெற்றை எடுத்தார். வெளிநாடுகளில் இளம் பிள்ளைகள் இயேசுவைப் பற்றி இப்போது கிற்றாரும் மேளமும் வைத்து இப்படித்தான் பாடுகிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்று அரைத் தமிழிலும் அரை மலையாளத்திலும் சொல்லி, அண்ணாவின் கையில் திணித்தார். அடுத்த நாள் கப்பல் போய்விட்டது. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

அண்ணா தன் மேலதிகாரியிடம் இரவல் கேட்டு ஒரு கசெற் இயந்திரம் கொண்டு வந்தார். போட்டதும் உம்முடைய முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேளம்! விடுதியில் நீர் அடித்த அதே மாதிரி மேளம், அதற்கு மேலே இயேசுவின் பெயர். "உது ரெண்டும் ஒண்டாய் இருக்க ஏலுமே?" என்று கேட்டீர். திரும்பப் போடச் சொன்னீர். பிறகும் போடச் சொன்னீர்.

பாட்டில் இரண்டு விசித்திரங்கள் இருந்தன. ஒன்று, அது ஒரு வரியின் நடுவில் தொடங்கியது. மற்றது, இரண்டாம் சரணத்தில் குரலும் கிற்றாரும் மேளமும் எல்லாமே மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் காதருகே பறக்கிற ஒரு நுளம்பின் சத்தமளவுக்கு வந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறின. பற்றறி போய்விட்டதென்று நினைத்துப் புதிய பற்றறி போட்டோம். அதே இடத்தில் அதே இறக்கம். அப்போது அண்ணா, மின்சாரம் படித்த மனிதன், தீர்ப்புச் சொன்னார்: "பிழை எண்டால் ஒவ்வொருக்காவும் ஒவ்வொரு இடத்திலை வரும். இது ஒரே இடத்திலை வருது. வேணுமெண்டு செய்தது."

நாங்களும் நம்பினோம். எப்படி நம்பாமல் இருப்பது? ஞானப்பாட்டுப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி பாடிப் பழகிய கூட்டம் நாங்கள். வந்தது எப்படி வந்ததோ அப்படியே பாட வேண்டும். வரியின் நடுவிலிருந்து தொடங்கினோம். இறக்கத்தில் இறங்கினோம். அந்த மனிதர் கப்பல் றேடியோவுக்கு முன்னால் இயந்திரத்தை வைத்துப் பதிந்திருப்பார் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

பாடிப் பழகியது உப்புவெளிக் கரையில் உம்முடைய மாமாவின் மீன்வாடிக் கொட்டிலில். ஒரு பக்கம் வலை, ஒரு பக்கம் கருவாடு, நடுவில் மேளம். விடுதியில் அடித்துப் பழகிய கைக்கு மெதுவாக அடிக்கத் தெரியவில்லை. "இது மேளம் அடிக்கிறதே? பூனை நடக்கிறமாதிரியெல்லோ கிடக்கு" என்று புறுபுறுத்தீர். கடைசியில் அம்மாவின் பழைய சீலையைக் கிழித்துத் தடிகளின் நுனியில் சுற்றிக் கட்டினீர். சுற்றிய தடியாலும் கன நாள் முயன்றீர். அந்த இறக்கத்தைப் பிடிக்க நீர் பட்ட பாட்டை, குடியை விடுவதற்குக்கூடப் பட்டிருக்கமாட்டீர் என்று அண்ணா பகிடி பண்ணுவார். நீர் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒரே பாடுதான்" என்றீர்.

சல்லிக் கிராமத்திலிருந்து கருவாடு காயப்போட வரும் பெண்கள் இறக்கம் வரும்போது நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் ஒருத்தி வாசலுக்கே வந்துவிட்டார். "நிப்பாட்டிப் போட்டியள் எண்டு நினைச்சன் தம்பி. பிறகு பாத்தால் வருது. எங்கடை அம்மன் கோயிலிலை உடுக்கடிக்கிறவரும் இப்பிடித்தான் இறக்கி எடுப்பார்."

அவர் போனதும் நீர் என் பக்கம் திரும்பி, "அம்மன் கோயிலிலை ஓம் எண்டாச்சு. இனி மூப்பர்தான் மிச்சம்" என்றீர். சபையின் மூப்பர் ஓம் என்னாமல் ஆலயத்துக்குள் மேளம் ஏறாது.

தமிழில் வரிகள் நான் எழுதினேன். வேறு எதை எழுதுவது? துறைமுகத்தில் பிறந்தவளுக்குப் புயலும் படகும்தான் வரும். முதல் சரணத்தில் புயல் அடித்தது. இரண்டாம் சரணத்தில் பாட்டு இறங்குகிற இடத்தில், 'காற்று ஓய்ந்தது, கடல் ஓய்ந்தது, என் படகில் நீர் இருந்தீர்' என்று வைத்தேன். இறக்கம் அங்கே இருந்ததால்தான் அந்த வரி வந்தது. இறக்கம் இல்லாவிட்டால் புயலை அடித்துக்கொண்டே இருக்க விட்டிருப்பேன்.

மூப்பரை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்ல ஆசையாயிருக்கிறது. இங்கிலீசுக்காரன் காலத்தில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். அடியில் லாடம் அடித்த சப்பாத்து. ஆராதனை நடக்கும்போது எவரும் நடக்கக் கூடாது என்பது அவருடைய பதினோராம் கட்டளை. ஒருமுறை பிந்தி வந்த கல்யாணப் பெண்ணையே ஜெபம் முடியும்வரை வாசலில் நிற்க வைத்தவர். போதகர் பாவம், புதியவர், இளையவர். மூப்பரிடம் கெஞ்சி ஒரேயொரு பின்னேரம் வாங்கித் தந்தார். ஒரு பாட்டு, அதன் பிறகு சபைக் குழு முடிவெடுக்கும். குழு என்பது மூப்பரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டுபவர்களும்.

ஆலயப் படியில் வைத்து மூப்பர் உம்மிடம் சொன்னார்: "தம்பி, நீர் திருந்தினது எனக்குச் சந்தோசம். அதுக்காக ஹோட்டலைத் தூக்கி இஞ்சை கொண்டு வர ஏலாது."

"ஓம் ஐயா" என்றீர். வீட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் சொன்னீர்: "மாட்டம் எண்டு சொல்லிப்போட்டினமெண்டால் மேளத்தை ஆருக்கும் குடுத்திடுவன். வீட்டிலை வைச்சிருந்து பாத்துக்கொண்டிருக்க எனக்குப் பெலனில்லை. குடுத்தாலும் பெலனிருக்குமோ தெரியாது."

அந்தப் பின்னேரம் ஆலயம் நிரம்பியிருந்தது. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், நடுவில் வழி. உம்முடைய அம்மா பெண்கள் பக்கம் வழியோரத்தில், கையில் விசிறியோடு. மூப்பர் முன் வாங்கில். நாங்கள் தொடங்கினோம், வரியின் நடுவிலிருந்துதான். முதல் சரணத்தில் புயல் அடித்தது. அண்ணாவின் லவுட்ஸ்பீக்கர் கரகரத்தது. நீர், பழகியபடி அடித்திருந்தால் போதும். பயத்தில் விடுதிக் கை வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூப்பர் எழும்பினார். பீடத்துக்குத் தலை குனிந்தார். திரும்பினார். வாசலை நோக்கி நடந்தார்.

ஆராதனையின் நடுவில் மூப்பர் நடக்கிறார்! அவர் வெளியேறினால் கதை முடிந்தது. அந்த வாசலைத் தாண்டி நிற்கிற மனிதரிடம் பிறகு எந்தக் குழுவும் எதையும் கேட்காது. உம்மைப் பார்க்க எனக்குப் பயமாயிருந்தது. உம்முடைய அம்மாவைப் பார்த்தேன். விசிறி நின்றுவிட்டது.

அப்போது இரண்டாம் சரணம் வந்தது. நீர் தடியை மாற்றினீர். நாங்கள் இறங்கினோம். இறங்கினோம், இன்னும் இறங்கினோம். ஆலயத்தில் எல்லாச் சத்தமும் அடங்க, ஒரு சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது: டக், டக், டக். மூப்பரின் லாடம். சபை முழுவதும் தலையைத் திருப்பி அவர் காலைப் பார்த்தது. அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

நின்றார். முன்னே வைக்கவும் ஏலாது, பின்னே வைக்கவும் ஏலாது. எத்தனையோ பேரை நடக்காதே என்று நிறுத்தி வைத்த மனிதர், நடுவழியில், ஒரு குதி தூக்கியபடி நின்றார். காற்று ஓய்ந்தது என்று பாடினேன். கடல் ஓய்ந்தது என்று பாடினேன். உம்முடைய மேளம் இருந்ததா இல்லையா என்றே தெரியாத அளவில் இருந்தது; ஆனால் இருந்தது. நிற்க வேண்டி வந்ததால் மூப்பருக்குக் கேட்க வேண்டி வந்தது. கேட்டார். தூக்கிய குதியை மெல்லத் தரையில் வைத்தார்.

ஏற்றம் தொடங்கியதும் அவர் நடந்திருக்கலாம். சத்தத்தோடு சத்தமாக வாசலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்தில் இருந்த வாங்கில் இருந்துவிட்டார். அது பெண்கள் பக்கம்! உம்முடைய அம்மா தள்ளி இருந்து இடம் விட்டு, வியர்த்துப்போயிருந்த மனிதரிடம் விசிறியைக் கொடுத்தார். அவரும் வாங்கி விசிறினார். பாட்டு முடியும்வரை விசிறினார்.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது உமக்கு முன்னால் வந்து நின்றார். "அந்த இறக்கம் நல்லாயிருந்தது. உங்களுக்கு அடங்கவும் தெரியுது." தொண்டையைச் செருமினார். "மாதத்திலை முதல் ஞாயிறு பின்னேரம். முதல் சரணத்திலை சத்தத்தைக் குறையும்."

நீர் "ஓம் ஐயா" என்றீர். அவர் போனதும் படியிலேயே குந்திவிட்டீர். அண்ணா சிரித்தார், நான் அழுதேன், போதகர் இரண்டையும் செய்தார். உம்முடைய அம்மா வந்து உம்முடைய தலையில் கை வைத்து, ஒரே ஒரு வசனம் சொன்னார்: "இண்டைக்கு நான் நித்திரை கொள்ளுவன்." என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை அரிசி இறங்கியது போலிருந்தது. அந்தப் பாரம் இறங்கிய சுகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு நன்றாக வருகிறது.

அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டானது, இரண்டு நாலானது. சீனன்குடாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். மூப்பர் கடைசிவரை முதல் சரணத்துக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, இரண்டாம் சரணத்துக்குப் பஞ்சை எடுப்பார். பிறகு ஊர் கெட்டது; அதை இங்கே எழுதமாட்டேன். எல்லாம் கெட்டபோதும் நீர் குடிக்கவில்லை. மேளத்தை ஒருவருக்கும் கொடுக்கவுமில்லை.

இன்று பின்னேரம் சொன்னபடி ஆலயத்துக்குப் போனேன். அந்தப் பெண் மேளத்தில் தயாராக இருந்தாள். உம்முடைய சீலை சுற்றிய தடிகளும் பெட்டிக்குள் இருந்தன. சீலை எத்தனையோ தரம் மாறிவிட்டது, சுற்றுகிற விதம் மாறவில்லை. "முதலிலை மூலப் பாட்டு மாதிரி அடியும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, முன் வாங்கில் மூப்பர் இருந்த இடத்திலிருந்து எழும்பி, தலை குனிந்து, நடந்தேன். அவள் அடித்தாள். நன்றாகவே அடித்தாள். என் காலடி எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் சரணம் முடிவதற்குள் நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

அங்கே நின்று திரும்பி உள்ளே பார்த்தேன். அந்த இறக்கம் இல்லாவிட்டால் மூப்பரும் இப்படித்தான் வந்து நின்றிருப்பார். நீர் மேளத்தைக் கொடுத்திருப்பீர். உம்முடைய அம்மா அன்றைக்கும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்திருப்பார். மலையாளி நல்ல ஒரு இசைத்தட்டைத் தந்திருந்தால், எங்களுக்கு அது சரியாகவே கிடைத்திருந்தால், நாங்கள் தொலைந்திருப்போம்.

திரும்ப உள்ளே போனேன். "இப்ப எங்கடை மாதிரி" என்றேன். அவள் தடியை மாற்றினாள். நான் முன்னாலிருந்து நடந்தேன். இறக்கம் வந்தது. என் செருப்பு சரக், சரக் என்றது. அந்த வெறும் ஆலயத்துக்குள் எனக்கு வெட்கம் பிடித்துவிட்டது. நின்றுவிட்டேன், நடுவழியில்.

"ஏன் அன்ரி நிண்டிட்டீங்கள்?" என்றாள், அடித்தபடியே, மிக மெல்ல.

"நடக்க ஏலாமல் கிடக்கு" என்றேன்.

மூப்பரின் கதை கேட்டு வளர்ந்தவள்; அவளுக்கு விளங்கிவிட்டது. கணக்கு டீச்சர் அல்லவா. பிறகு திருத்தம் பற்றி ஒரு கதையும் இல்லை. ஏற்றம் தொடங்கியபோது நான் பக்கத்து வாங்கில், பெண்கள் பக்கம், வழியோரத்தில் இருந்தேன். கொஞ்சம் தள்ளி இருந்து உமக்கு இடம் விட்டேன்.